அண்ணனின் முட்டியும் மற்ற முட்டிகளும்

அண்ணன் விழுந்த செய்தி வந்தபோது நான் ஜெர்மனியில், ஹம் என்ற ஊரில், ஒருவரின் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆடிச் சுளுக்கிக்கொண்டவர். வலி பெரிதாக இல்லை என்று அவரே சொன்னார். ஆனாலும் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், காப்பீடு ஏற்றுக்கொண்டுவிட்டது, அவரும் வீட்டிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து விரித்துப் படுத்துவிட்டார். இங்கே அப்படித்தான். உடம்பில் ஒன்று சரியாக மடங்கவில்லை என்றால் அதை மடக்கிக் கொடுக்க ஒரு ஆள் உண்டு. அந்த ஆள் நான்.

செய்தியைச் சொன்னது அண்ணி. குரல் பதிவு. பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது. எங்கள் குடியிருப்பில் சிக்னல் கிடைப்பது ஊற்றுக்கு மேலே இருக்கும் பாறையில் மட்டும்தான், அங்கே எப்போதும் காற்று. அண்ணன் ஒரு எஸ்டேட்டில் கூலிக்கு மிளகு பறிக்கப் போயிருக்கிறான். சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கிவிட்டது. இடது தொடை எலும்பு, முட்டிக்குக் கொஞ்சம் மேலே. ஊட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். "நீ பயப்படாத, நீ படிச்சதுதானே இது" என்று முடித்திருந்தாள்.

நான் படித்ததுதான். கோயம்புத்தூரில் பிசியோதெரபி பட்டம். அதை ஜெர்மனி ஏற்றுக்கொள்வதற்காகத்தான் இந்தச் சிகிச்சை நிலையத்தில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போனவர்களே குறைவு, கடல் தாண்டியது நான்தான். கூடலூருக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் குடியிருப்பு. சான்றிதழில் பழங்குடி என்று போட்டிருக்கும். கல்லூரியில் எஸ்.டி. என்றார்கள். இங்கே வந்த பிறகு, ஜெர்மனில், இன்டிகேன் என்கிறார்கள். வீட்டில் நாங்கள் எங்களை 'நம்ம ஆளுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். எந்த வார்த்தையை எங்கே போடுவது என்பதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடும்.

ஊட்டியில் தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். நல்ல வேலை, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது "காலை மடக்கி நீட்டிப் பழகணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படி, எவ்வளவு, வலித்தால் என்ன செய்வது, யார் பிடித்துவிடுவது என்று யாரும் சொல்லவில்லை. முட்டிக்குப் பக்கத்தில் எலும்பு உடைந்தால் முட்டி ஈரச் சிமெண்ட் மாதிரி. காய்வதற்குள் அசைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் பிறகு எத்தனை பேர் வந்தாலும் கடினம்தான். அண்ணனின் முட்டி மடங்காவிட்டால் அவனால் குந்த முடியாது. குந்த முடியாதவன் எங்கள் ஊரில் கக்கூஸுக்குப் போக முடியாது, அடுப்பு முன்னால் உட்கார முடியாது, ஏணி ஏறவே முடியாது. அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

வீடியோவில் சொல்லிக்கொடுக்கலாமே என்று இங்கே எல்லாரும் கேட்டார்கள். கொடுக்கலாம். ஆனால் சிக்னல் பாறைக்கு ஏற முட்டி மடங்க வேண்டும். அதனால் நான் என் அறைத் தரையில் படுத்து நானே காலை மடக்கி நீட்டிப் படம் எடுத்து அனுப்புவேன். அண்ணி பாறைக்கு ஏறி அதை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காட்டுவாள். அண்ணன் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பானாம், சினிமா பார்த்த மாதிரி. டவுனில் பிசியோதெரபி செய்துகொள்ள இடம் இருக்கிறது. அதற்குக் காலொடிந்தவன் முதலில் ரோடு வரை இறங்க வேண்டும், பிறகு ஜீப், பிறகு பஸ், பிறகு வரிசை. திரும்பி வரும்போது இருட்டிவிட்டால் பாதையில் யானை.

இதற்கிடையில்தான் ஒருநாள் எங்கள் நிலையத்தின் முதலாளியம்மா என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு முதிய பெண்மணிக்கு இடுப்பு மாற்று அறுவை செய்திருந்தார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவரால் இறங்க முடியாது என்பதால் டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தார், வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை செய்யவும் என்று. நாங்கள் போனோம், செய்தோம், அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றோம், வந்தோம். காரில் திரும்பும்போது எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று மாடிக்கு ஆள் போகலாம் என்றால் ஒரு மலைக்கு ஏன் போகக் கூடாது?

நான் ஒன்றை நினைத்துவிட்டால் உடனே செய்துவிடுவேன், யோசனை பிறகு வரும். அன்று சாயங்காலமே எழுத ஆரம்பித்தேன். மாவட்ட நிர்வாகத்துக்கு, படித்த கல்லூரிக்கு, மலைவாழ் மக்களுக்காக வேலை செய்கிறோம் என்று இணையத்தில் போட்டிருந்த எல்லாருக்கும். குடியிருப்புகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும், இதுதான் கோரிக்கை. அரிவாள் செல் ரத்த நோயால் இடுப்பு மூட்டு தேய்ந்தவர்கள், தேயிலை பறித்துத் தோள் போனவர்கள், பக்கவாதம் வந்து கை விழுந்தவர்கள், எல்லாரையும் எழுதினேன். அண்ணனைப் பற்றி எழுதவில்லை. சொந்த வீட்டு விஷயத்தைக் கலந்தால் மரியாதை இருக்காது என்று நினைத்தேன்.

பதில் வந்தது ஜெர்மனியிலேயே இருக்கும் ஹனோவரிலிருந்து மட்டும். அங்கே சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் ஒரு தமிழ்க்காரர், தன் ஜெர்மன் நண்பர்களோடு ஒரு சிறிய சங்கத்தில் இருக்கிறார். மலைப்பள்ளிகளுக்கு அவ்வப்போது உதவும் சங்கம். நான் அவரை சார் என்றேன், சார் எல்லாம் வேண்டாம்மா என்றார், ஆனாலும் எனக்கு சார்தான் வந்தது. வந்து பேசச் சொன்னார். என் எழுத்தைப் படித்துவிட்டு ஒரு யோசனையும் சொன்னார்.

"ஜெனரலா பேசாதீங்கம்மா. எல்லாத்தையும் சொன்னா யாருக்கும் எதுவும் நிக்காது. ஒரு பேஷண்ட், ஒரு ஃபேஸ், ஒரு ஸ்டோரி. உங்ககிட்ட அந்த மாதிரி யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார் என்றேன்.

ஹனோவருக்குப் புறப்படும் காலையில் கீழ்வீட்டு அக்கா எனக்குப் புட்டுக் கட்டிக் கொடுத்தார். நான் வாடகைக்கு இருப்பது அந்த யாழ்ப்பாணக் குடும்பத்தின் மேல்மாடி அறையில். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை, அவர் கணவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட். என்ன பேசப் போறியள் என்று கேட்டார். சொன்னேன். இன்டிகேன் எண்டால் ஆர் என்றார். ஒரு இடத்தில் ஆதியிலிருந்தே இருப்பவர்கள் என்றேன்.

"அப்ப நாங்களும்தானே பிள்ளை. எங்களுக்கும் ஒரு ஆளை வீட்ட அனுப்புவினமோ எண்டு ஒருக்காக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

அவர் கணவர் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பீலஃபெல்டில் ரயில் மாறும்போதுதான் அந்தச் சிரிப்பு என்னவோ போல இருந்தது. பல வருடமாக ஆட்களைத் தூக்கிப் படுக்கவைத்து அக்காவின் முட்டியே வீங்கிக் கிடக்கிறது. காப்பீட்டு அட்டை பர்ஸில் இருக்கிறது, சிகிச்சை நிலையம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஆனாலும் நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. அங்க போனால் உடுப்பைக் கழட்டச் சொல்லுவினமாம், என்னெண்டு சொல்லுறதெண்டும் தெரியாது என்றார். மலையில் ரோடு இல்லை, அதனால் கிடைக்கவில்லை என்று பேசப் போகிறேன். இங்கே ரோடு இருக்கிறதே, பிறகு ஏன் கிடைக்கவில்லை? யாராவது கேட்டால் என்ன சொல்வது? நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த கூடம். காபி, ஆப்பிள் கேக், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். நான் அண்ணனின் படத்தைத் திரையில் போட்டேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கேமராவைப் பார்த்து முறைக்கிறான், அவன் முகமே அப்படி. எல்லாரும் காபிக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். சார் சொன்னது சரிதான். பேசப் பேச அண்ணன் மட்டுமே வந்தான். நான் அழுத்தம் கொடுக்க வேண்டிய மற்றவர்களெல்லாம் எந்த வரியில் காணாமல்போனார்கள் என்று தெரியவில்லை.

வெள்ளை முடி அம்மையார் ஒருவர் கேட்டார், உங்கள் மக்களுக்கென்று ஒரு வைத்தியம் இருக்குமே, நாம் அனுப்பும் ஆள் அதைக் கெடுத்துவிட மாட்டாரா என்று. அண்ணன் காலில் இருப்பது இரும்புத் தகடு, அதற்கு எங்கள் காட்டில் மூலிகை இல்லை என்றேன். சிரித்தார்கள். என் பெரியப்பா சுளுக்கு எடுப்பார், நன்றாகவே எடுப்பார். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்புறம் ஆள் எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்று வாய் முந்திக்கொண்டது.

கணக்குப் பார்க்கும் பெரியவர் கடைசியாகக் கேட்டார். நீங்கள் அனுப்பும் ஆளால் பலன் இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் நான்தான் முந்தினேன். மாதாமாதம் வீடியோ அனுப்புகிறேன், அண்ணனின் முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் இந்த ஒருவருக்குச் செய்வோம், முட்டி மடங்கினால் எல்லாருக்கும் விரிவாக்கலாம் என்று முடிவானது. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆளும் கிடைத்தாள். என்னோடு கல்லூரியில் படித்தவள், கூடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. தன் வார விடுமுறை நாளில், சங்கத்தின் செலவில், ஜீப்பில் ஏறி வருவதாகச் சொன்னாள். முதல் வீடியோவில் அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். தொடையின் வெளிப்பக்கமாகத் தையல் தழும்பு, பூரான் ஊர்ந்த மாதிரி. முட்டி லேசாக வளைந்து நின்றுவிட்டது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம் வளைந்தது. அதை ஹனோவருக்கு அனுப்பினேன், முதலாளியம்மாவிடம் காட்டினேன். அவர் படத்தை நிறுத்தித் திரையில் விரலை வைத்து, இந்த முட்டிச் சில்லைப் பக்கவாட்டிலும் அசைக்கச் சொல் என்றார். அன்று நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒரு மதியம், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே சாண்ட்விச் கடித்துக்கொண்டே புது வீடியோவைத் திறந்தேன். முட்டி அழகாக மடங்கியது. முழுசாக, குதிகால் பின்தொடையைத் தொடும் அளவுக்கு. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். தழும்பைத் தேடினேன். தழும்பு இல்லை.

அது அண்ணனின் முட்டி இல்லை. வயதான முட்டி, பெண்ணின் முட்டி, கெண்டைக்காலில் தேயிலைச் செடி கீறிய பழைய கோடுகள். முட்டியைப் பார்த்து ஆளைச் சொல்லும் தொழிலுக்கு வந்தது எனக்கு இதற்குத்தான் உதவியிருக்கிறது. முந்தைய வாரத்து வீடியோ தாமதமாக வந்து சேர்ந்திருந்தது, அதைத் திறந்தேன். அதில் முட்டியே இல்லை, ஒரு தோள்.

தோழியைக் கூப்பிட்டேன்.

"ஏன்டி, இது யாரு முட்டி?"

"உங்க அத்தை முட்டி. நல்லாருக்காங்க, உன்னக் கேட்டாங்க."

"அண்ணன் எங்க?"

"பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். இன்னிக்கு எங்க அத்தையப் பாருங்க, நான் அடுத்த தடவைன்னார். அதுக்கு முந்தி ஒரு கை வராத ஆளப் படுக்க வெச்சிருந்தார். நான் என்னடி பண்ண? கை வராத மனுசன எந்திரிச்சுப் போன்னு சொல்லவா?"

"நீ போனதே அண்ணனுக்குத்தான்."

"அத நீ உங்க ஊருக்குச் சொல்லியிருக்கணும். ஜீப்ப விட்டு எறங்கி மேல ஏறி வந்தா ஊரே பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சாண்ட்விச்சை மூடி வைத்தேன். பிறகுதான் உறைத்தது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் யாராவது ஆஸ்பத்திரிக்கு இறங்கினால் தனக்கு மட்டுமாக இறங்குவதில்லை. போகும் வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று யாருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டுதான் போவார்கள். அங்கே டாக்டரிடம் எல்லாவற்றையும் தனக்கே வந்தது போலச் சொல்வார்கள். ஒருதரம் அம்மாவோடு போயிருந்தேன். அம்மா தன் பல்வலியோடு ஒரு இருமல், ஒரு சேற்றுப்புண், பக்கத்து வீட்டு மாமாவின் நீர்க்கடுப்பு எல்லாவற்றையும் தன் பெயரில் சொன்னாள். டாக்டர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். மாத்திரைகள் மடியில் வந்தன, ஊரில் பிரிந்தன. அது தவறு என்று பட்டப்படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், தவறுதான், ஆபத்தும்கூட. ஆனால் இப்போது ஆஸ்பத்திரியே ஏறி வந்திருக்கிறது. அப்போதும் அது ஒருவனுடையதாக இருக்க முடியாது என்று அவர்கள் நினைத்தால் அதற்கு என்ன பெயர்?

பெயர் கண்டுபிடிப்பதற்குள் கீழ்வீட்டு அக்கா வந்துவிட்டார், எங்கள் நிலையத்துக்கே. நான் இழுத்து இழுத்துச் சொல்லி, டாக்டரிடம் முட்டிக்குச் சீட்டு வாங்கி, டெர்மின், அதாவது வர வேண்டிய நேரம், எடுத்து, முதல் தடவையாக வந்திருந்தார். திரையை இழுத்து விட்டேன், காற்சட்டைக்கு மேல் பாவாடை கட்டிக்கொள்ள விட்டேன், எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. முட்டியில் கை வைத்தேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, இது கிடக்கட்டும். இவருக்குத் தோள் தூக்க ஏலாமக் கிடக்கு. ஷிஃப்ட்டிலை அவருக்கு எங்க டெர்மின் எடுக்க நேரம்? தோளுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்குக் காட்டுங்கோ, நான் வீட்ட போய் அவருக்குச் செய்து விடுறன்."

முதலாளியம்மா அடுத்த திரைக்குப் பின்னால் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அக்கா தன் தோளைத் தொட்டுக் காட்டியதைத் திரை இடுக்கில் பார்த்துவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோபமில்லாமல்தான், இந்த நேரம் இந்த முட்டியின் நேரம் என்றார். வேறு எதையாவது தொட்டால் இந்த அம்மாவுக்குத்தான் நஷ்டம், முட்டி ஆறாமலேயே சீட்டில் எழுதிய தடவைகள் தீர்ந்துவிடும். சரியான பேச்சு. நான் அதைத்தான் தோழியிடம் கத்தியிருந்தேன். ஆனால் திரும்பிப் போய் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது தோளுக்கான பயிற்சியில் ஒன்றைக் காட்டிவிட்டேன். ஏன் காட்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அக்காவின் முட்டிக்கு அன்று பாதி நேரம்தான் கிடைத்தது.

ஹனோவர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். சங்கத்துக்கு வீடியோ அனுப்ப வேண்டிய நேரம்.

"பழைய க்ளிப்பையே திரும்ப அனுப்பிடுங்கம்மா. இல்லன்னா அத்தை முட்டிய க்ளோஸப்ல. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது. ப்ராஜெக்ட் நின்னுடக் கூடாது, அவ்வளவுதான்."

நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அத்தையின் நன்றாக மடங்கும் முட்டியை அண்ணனுடையது என்று அனுப்பினால் அண்ணன் குணமாகிவிடுவான், ஹனோவரில். மலையில்? முடியாது என்றேன். அப்படியானால் அவர்களிடம் நீங்களே பேசுங்கள் என்றார்.

அதற்கு முன்னால் அண்ணனிடம் பேச வேண்டியிருந்தது. அண்ணியிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு ஞாயிறு, எனக்குக் காலைக் காபி நேரம், பாறையிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அண்ணன். எப்படி ஏறினாய் என்று கேட்டேன். ஒரு தோளில் அண்ணி, ஒரு தோளில் மச்சான், பின்னால் தள்ளுவதற்கு ஒருவன் என்றான், மூச்சு வாங்கியது. எங்கள் மொழியில் அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், அவன் குரலின் சலிப்பை எழுத வராது.

ஏன் முறையை விட்டுக்கொடுக்கிறாய், முட்டி காய்ந்துகொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தேன். எலும்பு, தசை, நாள் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். முடிக்கும் வரை கேட்டான்.

"நீ அங்க யாருக்காகக் கேட்ட, புள்ள?"

"நம்ம ஆளுங்களுக்கு."

"அப்ப ஆளு வந்தா எனக்கு மட்டும்னு எப்படி? எல்லாரும் சுத்தி உட்கார்ந்து பாக்கறாங்க. அத்தை மொழங்காலத் தேச்சுட்டு உட்கார்ந்திருக்கு. நான் மட்டும் படுத்துக் கால நீட்டவா? எனக்குக் கூச்சமா இருக்கு."

"உனக்குக் கால் சரியாக வேண்டாமா?"

"வேண்டாம்னு எவன் சொன்னான்? நீ பெரிசாக் கேட்டிருந்தா பெரிசா வந்திருக்கும். ஒரு முட்டிக்குக் கேட்டுட்டு இப்ப என்னத் திட்டற."

காற்று பிய்த்தது, தொடர்பு அறுந்தது. நான் பெரிதாகத்தான் கேட்டேன், முதலில். அதை அவனுக்கு எப்படிச் சொல்வது? ஒரு முகம் வேண்டும் என்றார்கள், உன் முகத்தைக் கொடுத்தேன் என்றா?

சங்கத்தோடு கணினியில் கூடினோம். நான் எதையும் மறைக்கவில்லை. முட்டிகள் மாறிய கதையைச் சொன்னேன், அம்மாவின் மாத்திரைகளைச் சொன்னேன், பெரியப்பாவின் சுளுக்கையும் இந்தத் தடவை சொல்லிவிட்டேன். முதலில் ஒருவர், பிறகு எல்லாரும் என்ற ஏற்பாடு எங்கள் ஊரில் நடக்காது, வருகிறவள் ஊருக்கே வரட்டும் என்று கேட்டேன். அந்த வெள்ளை முடி அம்மையார் தலையாட்டினார். கணக்குப் பெரியவர் தாடையைச் சொறிந்தார். அப்படியானால் அவள் வரும் அந்த ஒரு நாள் நேரத்தை எல்லாருக்கும் பிரிக்க வேண்டும், உங்கள் அண்ணனுக்குக் கிடைப்பது குறையும், சம்மதமா என்றார். அதற்கு மேல் பணம் அனுப்ப அவர்களால் முடியாது, நேர்மையாகச் சொன்னார்.

சம்மதம் என்று சொன்னது என் வாய்தான். திரையின் ஓரத்தில் சின்னதாக என் முகமும் தெரிந்தது, ஜெயித்தவள் முகம் மாதிரி இல்லை. நான் முதன்முதலில் எழுதிய கோரிக்கைதான் இப்போது கிடைத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியதில் அண்ணனின் நேரத்தை நானே வெட்டியிருக்கிறேன். இரண்டும் உண்மை. எதை முதலில் சொல்வது என்று யாராவது கேட்டால் இன்றும் திணறுவேன்.

இப்போது தோழி வாராவாரம் போகிறாள். கை வராதவர் டம்ளர் பிடிக்கிறாராம். அத்தை தேயிலைக்குத் திரும்பிவிட்டாள், அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. வீடியோ அனுப்பு என்று யாரும் கேட்பதில்லை, நான்தான் கேட்டு வாங்குகிறேன்.

போன வாரம் வந்ததில் அண்ணன் இருந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான், தழும்பு வெளுத்திருக்கிறது. தோழி கணுக்காலைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளுகிறாள். முட்டி வளைகிறது, நாற்காலியில் உட்காரும் அளவுக்கு. அதற்கு மேல் நிற்கிறது. அவள் இன்னும் தள்ளுகிறாள். அந்த இடத்தில் என்ன வலி வலிக்கும் என்று எனக்குத் தெரியும், பெரிய பெரிய ஆட்களே என் மேஜையில் கெட்ட வார்த்தை சொல்லும் இடம் அது. அண்ணன் கத்தவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், நெற்றி பளபளத்தது. பிறகு கேமராவுக்கு வெளியே பார்த்து, அடுத்த ஆளை வரச் சொல்லு என்றான்.

திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். அந்த மணிக்கட்டை அவன் பிடித்த விதத்தைப் பார்த்தேன், பிறகு முகத்தை. கூச்சமா, ஊர் வழக்கமா, இல்லை வலி தாங்காமல் தப்பிக்கிறானா? முதலிலிருந்தே வலிதானோ? நான் அதைப் பிடித்துக்கொண்டு ஹனோவர் வரை போய் வழக்கம், பண்பாடு என்றெல்லாம் பேசிவிட்டேனோ? மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். ஒரு முட்டியைத் தொட்டால் எங்கே மாட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். இதை எங்கே தொட்டுப் பார்ப்பது?

தோழிக்கு எழுதினேன், அடுத்த வாரம் அண்ணனை முதலில் படுக்க வை, அவன் என்ன சொன்னாலும் கையை எடுக்காதே என்று. உடனே பதில் வந்தது.

"நீ வந்து சொல்லு. இங்க யாருக்கு எப்போ முறைன்னு பாக்கற வேலைய ஊர்ல உங்க அண்ணன்கிட்டதான் குடுத்திருக்காங்க. என்னையே அவர் கேட்டுட்டுத்தான் உள்ள விடறார்."